மூணு தடவைக்கு மேல நிக்கக் கூடாதா? உத்திரமேரூர் டு வானூர்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி பல பேர்கிட்ட இருந்து வந்துச்சு. "எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாருக்கும் ரெண்டு மூணு தடவைக்கு மேல நிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டா போதாதா?" இந்தியாவில் அப்படி ஒரு வரம்பு நாடாளுமன்றத்துக்கும் கிடையாது, எந்தச் சட்டமன்றத்துக்கும் கிடையாது. கலைஞர் 1957-ல் குளித்தலையில் ஆரம்பிச்சு 2016-ல் திருவாரூர் வரைக்கும் 13 தடவை சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

இந்த வரம்பைப் போட்டுப் பார்த்த நாடு ஒண்ணு இருக்கு. பிலிப்பைன்ஸ். மார்கோஸ் ஆட்சி விழுந்ததுக்கு அப்புறம் வந்த 1987 அரசியல் சட்டம், கீழவை உறுப்பினர் தொடர்ந்து மூணு முறைக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. என்ன நடந்துச்சு? மூணு முறை முடிஞ்சவர் வீட்டுக்குப் போனார். அந்த வீட்ல இருந்து மனைவியோ மகனோ தம்பியோ நின்னாங்க. ஒரு முறை கழிச்சு இவரே திரும்பி வந்தார். அதே அரசியல் சட்டத்தில் குடும்ப அரசியலைச் சட்டம் போட்டுத் தடுக்கணும்னும் இருக்கு. அந்தச் சட்டம் நாடு முழுக்க இன்னும் வரல. அதை நிறைவேத்த வேண்டிய அவையில உட்கார்ந்திருக்கிறதே அந்தக் குடும்பங்கள்தானே!

இங்கதான் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வருது. குடவோலைன்னு ஸ்கூல் புக்ல ஒரு பாரா படிச்சிருப்போம், பானையில ஓலை போட்டு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்கன்னு. அதோட நிறுத்திடுவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லயும் 921-லயும் வெட்டினது, அதுக்கு மேல நிறைய சொல்லுது.

ஊர் 30 குடும்பு. இன்னைக்கு வார்டுன்னு சொல்றோமே, அது. வாரியத்தில் இருக்கிற காலம் 360 நாள். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. முந்தின மூணு வருஷத்துல வாரியத்தில் இருந்தவர் பேரை ஓலையில எழுதக் கூடாது. இது வரைக்கும் பிலிப்பைன்ஸ் மாதிரிதான், வருஷக் கணக்கு. அடுத்த விதிதான் விஷயமே. வாரியத்தில் இருந்துட்டு கணக்கு காட்டாதவர் பேரை எழுதக் கூடாது. அவர் மட்டும் இல்ல. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், அப்பா, மகன், கூடப் பிறந்தவன், மாமனார், மச்சான், மருமகன்னு ஒரு நீண்ட பட்டியல் போட்டு அத்தனை பேரையும் தடுக்குது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க லிஸ்ட் போடுற மாதிரி இருக்கும். வீட்ல ஒருத்தன் கணக்கு காட்டாம போனா, அவனுக்குப் பதிலா அவன் மச்சான் வந்து உட்கார முடியாது. பிலிப்பைன்ஸ்காரங்க இன்னும் எழுதாத சட்டம் இது.

இதை ஜனநாயகத்தின் தொட்டில்னு தூக்கி வைக்கிற ஆள் நான் இல்ல. அது பிராமண ஊர். சொந்த நிலம் வேணும், வேதப் பயிற்சி வேணும், பெண்களுக்கு இடமே இல்ல. வயல்ல வேலை செஞ்சவங்க பேர் எந்த ஓலையிலயும் வந்திருக்காது. ஆனா அவங்களுக்குள்ள ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருந்த சந்தேகம் இருக்கே, அது ரொம்ப நேர்மையான சந்தேகம். ஆபீஸ்ல நாங்க செய்றதும் இதுதான். ஒருத்தரோட பாஸ்வேர்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது ஒரு பாதுகாப்பு. அவர் உள்ள போய் என்ன செஞ்சார்னு பதிவு இருக்கிறது வேற பாதுகாப்பு. முதல்ல சொன்னது மட்டும் இருந்தா பெருசா பிரயோஜனம் இல்ல.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஆளுக்கு வரம்பு போடல. நாற்காலியைச் சுத்த விட்டுச்சு. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கின ஊராட்சிகள் சுழற்சி முறையில மாறும். இதனால் வந்த தலைவிகள்ல பல பேர், சுழற்சி இல்லேன்னா நின்னிருக்கவே மாட்டாங்க. அதே சமயம், தலைவி பேர்ல கையெழுத்து, தலைவியோட வீட்டுக்காரர் பேர்ல விசிட்டிங் கார்டு, இதையும் பார்த்திருக்கோம்.

பிடி நாற்காலியிலேயே இல்லாத ஊர்ல என்ன ஆச்சு? மதுரை மாவட்டத்துல பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதும் ஆதிக்க சாதியினர் தேர்தலையே நடக்க விடல. இல்லேன்னா ஒருத்தரை நிறுத்தி, ஜெயிச்ச உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க. 2006-ல்தான் ஒழுங்கா தேர்தல் நடந்துச்சு. பத்து வருஷம்! அதே மாவட்டத்தில் மேலவளவு. ஜெயிச்சுப் பதவிக்கு வந்த தலைவர் முருகேசனையும் கூட இருந்த அஞ்சு பேரையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்னாங்க. அங்க வந்து "ஒருத்தர் எத்தனை தடவை நிக்கலாம்"னு கேட்டா அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?

சரி, எங்க ஊர்க் கதை. நான் வானூர் பக்கத்துக்காரன். 2011-ல் தேர்வான உள்ளாட்சிகளோட காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சுச்சு. தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, இட ஒதுக்கீட்டு விவகாரத்துல. தனி அலுவலர்கள் வந்தாங்க. அவங்க காலத்தை ஆறு ஆறு மாசமா நீட்டிக்கிட்டே போனாங்க. 2019 டிசம்பர்ல 27 மாவட்டங்கள்ல ஊரகத் தேர்தல் நடந்துச்சு. விழுப்புரத்தைப் பிரிச்சு கள்ளக்குறிச்சி வந்திருந்ததால இது அந்த லிஸ்ட்ல இல்ல. 2021 அக்டோபர்லதான் விழுப்புரம் உள்பட மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு நடந்துச்சு. முழுசா அஞ்சு வருஷம் வானூர்லயும் மரக்காணத்துலயும் தேர்வான ஊராட்சித் தலைவரே இல்ல.

அக்டோபர்ல மழை இறங்கினா மரக்காணம் உப்பளத்துல வேலை நின்னுடும். அப்போதான் நூறு நாள் வேலை, ரோடு, தண்ணின்னு ஜனங்க ஊராட்சி ஆபீஸ் வாசலுக்குப் போவாங்க. அந்த அஞ்சு மழைக்காலமும் வாசல்ல நின்னு கேக்கலாம். ஆனா அடுத்த தேர்தல்ல உன்னைப் பார்த்துக்கிறேன்னு சொல்ல அங்க ஆள் இல்ல. தனி அலுவலர் எந்த ஓலையில இருந்தும் வரல. இத்தனைக்கும் அரசியல் சட்டம் 243-இ பிரிவு, ஊராட்சியோட காலம் அஞ்சு வருஷம், அதுக்கு மேல கூடாது, முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு தெளிவா சொல்லுது.

நடுவுல ஒரு தலைவரை இறக்கணும்னா? மத்தியப் பிரதேசத்துல கிராம சபை உறுப்பினர்கள் கையெழுத்து போட்டு, ரகசிய வாக்கெடுப்பு நடத்தித் தலைவரைத் திரும்ப அழைக்கச் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 205-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைக் கலெக்டர்கிட்ட கொடுத்திருக்கு. ஓட்டுப் போட்டது ஊர், எடுக்கிறது கலெக்டர். எனக்கு இது பிடிக்கல. என் ஓட்டு, ரெண்டு தடவை மூணு தடவைன்னு எண்ணுறதுக்கு இல்ல. கணக்கு காட்டாதவரும் அவர் வீட்டாளும் நிக்க முடியாதுங்கிற விதிக்கும், ஊரே கூடி இறக்குற உரிமைக்கும்தான். 35 வயசு, நிலம், வேதம் எல்லாத்தையும் கழிச்சுட்டு.

எங்க ஊராட்சிகளோட அஞ்சு வருஷம் முடியுற மாசம் 2026 அக்டோபர். 2019-ல் தேர்தல் நடந்த மத்த மாவட்டங்களுக்கு 2025 ஜனவரியிலயே முடிஞ்சுச்சு. அங்க அடுத்து வந்தவங்க தனி அலுவலர்கள்.