ஏக்கருக்கு ஒரு ஓட்டு

கலிபோர்னியாவில் இர்வைன் பக்கமோ டப்ளின் பக்கமோ புது வீடு வாங்கிய சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவருடைய சொத்து வரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். வழக்கமான வரிக்குக் கீழே தனியாக ஒரு தொகை நிற்கும். அங்குள்ளவர்கள் அதை ‘மெல்லோ-ரூஸ்’ என்பார்கள். கேட்டால் மிட்டாய்ப் பெயர் போல இருக்கும். செனட் உறுப்பினர் ஹென்றி மெல்லோ, சட்டமன்ற உறுப்பினர் மைக் ரூஸ் ஆகிய இருவரின் பெயர் அது.

இதன் பூர்வீகம் 1978 ஜூனில் தொடங்குகிறது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வீடு கைமாறும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 13ஆம் முன்மொழிவுக்கு ஓட்டுப் போட்டு மக்கள் கட்டிப்போட்டார்கள். பழைய வீட்டுக்காரர்கள் நிம்மதியானார்கள். புதிதாக எழும்பும் குடியிருப்புக்குச் சாலை, சாக்கடை, பள்ளிக்கூடம் போட யார் காசு கொடுப்பது? 1982இல் வந்த மெல்லோ-ரூஸ் சட்டம் அதற்கு வழி சொன்னது: அந்த நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டு ‘சமூக வசதி மாவட்டம்’ என்று அறிவி, கடன் பத்திரம் விற்று வேலையை முடி, கோட்டுக்குள் குடிவருபவர்களிடம் சிறப்பு வரியாக வசூலித்துக் கடனை அடை.

சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். காலி நிலத்தில் வாக்காளர் ஏது? பதிவான வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் நிலச் சொந்தக்காரர்களே ஓட்டுப் போடலாம், ஏக்கருக்கு ஒன்று. பெரும்பாலும் ஒரே பில்டர், ஒரே வாக்குச்சீட்டு, நூற்றுக்கு நூறு. இவ்வளவு அமைதியான தேர்தலை வேறெங்கும் பார்க்க முடியாது! ஆட்கள் குடியிருக்கும் ஊரில் இந்தக் குறுக்கு வழி செல்லாது. மாநாட்டு மையத்தை விரிவுபடுத்த ஓட்டல் முதலாளிகளை மட்டும் ஓட்டுப் போடச் சொன்ன சான் டியேகோ நகரத்தின் வரியை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஓட்டுப் போட்டவர் மனைகளை விற்றுவிட்டுப் போய்விடுவார். வரி கட்டப்போகிறவர் இன்னும் ஊருக்கே வரவில்லை. வராதவருக்காகப் பேரம் பேச அங்கே இருப்பது நகர நிர்வாகம் ஒன்றுதான். அதனால்தான் மாவட்டம் கேட்டு பில்டரின் விண்ணப்பம் வந்ததும் நகர நிர்வாகத்தினர் செய்யும் கணக்கு இந்த வரியின் வாழ்க்கையிலேயே முக்கியமான கட்டம் என்பேன். ஆய்வுச் செலவுக்கு பில்டரிடமே முன்பணம் வாங்கிக்கொள்வது வழக்கம். முதல் கேள்வி, குடும்பத்தால் தாங்க முடியுமா. எல்லா வரியும் சேர்ந்து வீட்டு விலையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பல நகரங்கள் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. 8 லட்சம் டாலர் வீட்டுக்கு உச்சம் 16,000. அடிப்படை வரியே 8,000 எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடக் கடன் பத்திரங்களுக்கான வரியும் மற்றவையும் போக மிஞ்சுகிற இடத்தில்தான் புது வரி உட்கார வேண்டும். பில்டர் எப்போதும் கடைசி டாலர்வரை நிரப்பத்தான் பார்ப்பார்.

அடுத்தது நிலத்தின் பலம். நிலத்தின் மதிப்பு கடனைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. 3 கோடி டாலர் பத்திரத்துக்கு 9 கோடி மதிப்பு. பில்டர் நொடித்தால் நிலத்தை ஏலம் விட்டுத்தான் முதலீட்டாளருக்குக் கொடுக்க முடியும். நகரத்தின் பொதுக் கஜானா இதற்குப் பொறுப்பில்லை. ஆனால் பத்திரத்தில் அச்சாகியிருப்பது நகரத்தின் பெயர். தவணை தவறினால் தலைகுனிவு யாருக்கு?

வரியைப் பங்கு போடும் சூத்திரத்தையும் இந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுவார்கள். வீட்டு விலையை வைத்துப் போடக் கூடாது. பெரும்பாலும் சதுர அடிக் கணக்குதான். வீடுகளின் உச்சவரம்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால் அந்தச் சுமை உங்கள் தலையில் 10 சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது.

அதன்பின் பத்திரம் விற்கும், குழாய் பதியும், மாதிரி வீட்டில் காபி மணக்கும். சாலை, சாக்கடை போன்ற வசதிகளுக்கான வரி முப்பது நாற்பது ஆண்டில் முடியலாம். பூங்காப் பராமரிப்பு போன்ற சேவைகளுக்கான வரிக்குப் பல இடங்களில் முடிவுத் தேதியே இல்லை.

அங்கே வீடு பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: சமையலறைக் கல்லைத் தடவிப் பார்ப்பதற்கு முன் சிறப்பு வரி அறிவிப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அது கைக்கு வந்தால், நேரில் தந்த நாளிலிருந்து 3 நாளுக்குள், தபாலில் அனுப்பியிருந்தால் 5 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.