கால் புள்ளித் தோல்வியும் ஐந்து நடுவர்களும்: குத்துச்சண்டைத் தீர்ப்பு முறையின் வளர்ச்சி

குத்துச்சண்டையில் ஒருவர் தரையில் விழுந்து, பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ முடியாமல் போனால் வெற்றியாளர் யார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. இருவரும் கடைசி மணி வரை காலூன்றி நின்றுவிடும்போதுதான் தீர்ப்பு என்ற ஒன்று தேவைப்படுகிறது. இந்த இரண்டாவது நிலைக்குப் பொருந்தும் கணக்கு முறை ஒன்றைத் தேடி நூறாண்டுக்கும் மேலாக நடந்துவந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரிய சீர்திருத்தங்கள் பலவும் முந்தைய முறை தேடிக்கொண்ட அவப்பெயரைத் துடைப்பதற்காகவே கொண்டுவரப்பட்டன என்பதும், அவை சர்ச்சையை ஒழிக்காமல் வேறோர் இடத்துக்கு நகர்த்தின என்பதும் தெரியவரும். 2012ஆம் ஆண்டு தொடங்கி இந்திய வீரர்கள் சந்தித்த சில தோல்விகளையும் இந்த நகர்வோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட இடைவேளை, கையுறை, பத்து விநாடி எண்ணிக்கை ஆகியவற்றை நிலைநிறுத்திய 1867ஆம் ஆண்டின் குவீன்ஸ்பெரி விதிகளில் புள்ளி இடுவது பற்றி எதுவும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 1911 முதல் 1917 வரை நடைமுறையில் இருந்த ஃபிராலி சட்டம் ஒரு படி மேலே போய், சண்டையின் முடிவில் தீர்ப்பு வழங்குவதையே தடை செய்தது. சூதாட்டத்தை மட்டுப்படுத்தலாம் என்பது நோக்கம். ஆனால் பந்தயம் கட்டியவர்கள் மறுநாள் காலை நாளிதழில் விளையாட்டு நிருபர் யாரை வென்றவராக எழுதுகிறாரோ அவரையே வென்றவராகக் கொண்டு பணத்தைப் பிரித்துக்கொண்டதால், தீர்ப்பளிக்கும் அதிகாரம் மேடையிலிருந்து அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1920இல் வந்த வாக்கர் சட்டம் நடுவர் தீர்ப்பை மீண்டும் சட்டப்படி ஆக்கிய பின்னரே இந்த விசித்திரம் முடிவுக்கு வந்தது.

இங்கிலாந்தின் வழக்கம் வேறு. வீரர்களுக்கு இடையே நின்று சண்டையை நடத்துபவர் களநடுவர் என்றும், மேடைக்கு வெளியே அமர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் இடுபவர் புள்ளி நடுவர் என்றும் இன்று பிரித்துச் சொல்கிறோம். அங்கோ நெடுங்காலம் களநடுவர் ஒருவரே இரண்டு வேலைகளையும் பார்த்தார். இந்த ஏற்பாட்டின் எல்லையைக் காட்டிய சண்டை 1971 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் நடந்தது. மிக அதிக எடை கொண்ட வீரர்களுக்கான ஹெவிவெயிட் பிரிவில், பிரிட்டிஷ், ஐரோப்பிய, காமன்வெல்த் பட்டங்கள் மூன்றையும் வைத்திருந்த ஹென்றி கூப்பர் இளைஞரான ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதினார். முடிவில் களநடுவர் ஹாரி கிப்ஸ் பக்னரின் கையை உயர்த்தினார். அவருடைய கணக்கு 73¾க்கு 73½. சுற்றுக்கு ஐந்து என்ற வீதத்தில் முழு மதிப்பெண் 75 என்பதால், 45 நிமிடச் சண்டையில் கூப்பர் இழந்தது ஒன்றரைப் புள்ளி, பக்னர் இழந்தது ஒன்றேகால் புள்ளி. முகத்துக்கு முன் இரு கைகள் பாய்ந்து கொண்டிருக்கையில் ஒரு மனிதரின் கண் கால் புள்ளி அளவுக்குத் துல்லியமாக நிறுக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து விதிக்குள்ளேயே இருந்தது; ஆனால் மக்களின் கோபமோ விதியை விட்டுவிட்டுக் கிப்ஸ் என்ற மனிதர் மீது திரும்பியது. கூப்பர் அத்துடன் ஓய்வு பெற்றார். கிப்ஸுடன் பல ஆண்டுகள் பேசவேயில்லை.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பின்னர் நிலைபெற்றது மூன்று புள்ளி நடுவர்கள் கொண்ட பத்துப் புள்ளி முறை. சுற்றை வென்றவருக்குக் கட்டாயம் 10, தோற்றவருக்கு 9, ஒரு முறை தரையில் விழுந்திருந்தால் 8 என்பது அதன் சுருக்கம். நூலிழையில் வென்ற சுற்றுக்கும் தெளிவாக ஆதிக்கம் செலுத்திய சுற்றுக்கும் ஒரே 10–9தான் கிடைக்கும் என்பது இதிலுள்ள குறை. 1999 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த லெனாக்ஸ் லூயிஸ்–இவாண்டர் ஹோலிஃபீல்ட் உலக ஹெவிவெயிட் சண்டையில் லூயிஸின் 348 குத்துகள் இலக்கை அடைந்தன என்றும் ஹோலிஃபீல்டுக்கு 130 மட்டுமே என்றும் தனியார் எண்ணிக்கை காட்டியது. ஆயினும் ஒரு நடுவர் 116–113 என லூயிஸுக்கும், இன்னொருவர் 115–113 என ஹோலிஃபீல்டுக்கும், மூன்றாமவர் 115–115 எனவும் இட்டதால் சண்டை சமன் ஆனது. குத்துகளின் எண்ணிக்கை தீர்ப்பாகாது, வலுவும் கட்டுப்பாடும் கூடவே பார்க்கப்பட வேண்டும் என்ற வாதம் கொள்கையளவில் சரிதான். ஆனால் லூயிஸ் 43 குத்துகளைப் பதித்து 11ஐ மட்டும் வாங்கிய ஐந்தாம் சுற்றை நடுவர் யூஜீனியா வில்லியம்ஸ் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்ததற்கு அந்த வாதம் போதாது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மறுசண்டையில் லூயிஸ் ஒருமனதாக வென்றார்.

சென்னைக்கு இந்த விளையாட்டு ஆங்கிலக் குத்துச்சண்டை என்ற பெயரிலேயே வந்து, வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளின் மானப் பிரச்சினையாக வேர்விட்டது. அங்கே ஊர் நினைவில் நிற்பவை பெரும்பாலும் எதிராளியை வீழ்த்திய நாக் அவுட்கள். புள்ளிக் கணக்கில் கிடைத்த வெற்றியைப் பேரனுக்குச் சொல்லும் தாத்தா அபூர்வம். 1980இன் தொடக்கத்தில் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் மோதியதும் தீர்ப்பே இல்லாத காட்சிச் சண்டைதான். அதே பயணத்தில் டெல்லியில் அலியுடன் காட்சிச் சண்டையில் நின்ற கவுர் சிங் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். சென்னையின் வி. தேவராஜன் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் பெற்றபோது, அமெச்சூர் குத்துச்சண்டை முற்றிலும் வேறான ஒரு கணக்கு முறைக்குள் நுழைந்திருந்தது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் 1988 சியோல் ஒலிம்பிக். 71 கிலோ பிரிவு இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்து 32ஐ வாங்கினார். ஐந்து நடுவர்களில் மூவர் கொரியாவின் பார்க் சி ஹுனை வென்றவராக அறிவித்தனர். தோற்ற ஜோன்ஸுக்கே அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற வால் பார்க்கர் கோப்பை வழங்கப்பட்டது என்பது, ஏற்பாட்டாளர்களே தம் தீர்ப்பை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்குச் சான்று. இதன் விளைவாகப் பார்சலோனா ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளி முறை வந்தது. ஒவ்வொரு நடுவரின் முன்னும் சிவப்பு மூலைக்கு ஒன்றும் நீல மூலைக்கு ஒன்றுமாகப் பொத்தான்கள் இருக்கும். ஐவரில் மூவர் ஒரு விநாடிக்குள் ஒரே நிறத்தை அழுத்தினால்தான் ஒரு புள்ளி பதிவாகும். நடுவரின் பாரபட்சத்தைத் தடுக்க வந்த இயந்திரம் அவருடைய விரலின் வேகத்தைச் சோதிக்கும் கருவியாகிவிட்டது. நெருங்கி நின்று விலாவில் அடுத்தடுத்து விழும் குத்துகளை மூவரும் ஒரே விநாடியில் காண்பது அரிது என்பதால், தூரத்திலிருந்து நீட்டும் ஒற்றை நேர்க்குத்துக்கே மதிப்பு கூடியது. வீரர்களும் அதற்கேற்பத் தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டனர்.

இந்த முறையின் பிற்காலத் திருத்த வடிவத்தில்தான் 2012 லண்டன் ஒலிம்பிக் நடந்தது. 81 கிலோ பிரிவில் சுமித் சாங்வான் பிரேசிலின் யமகுச்சி ஃபால்காவிடம் 14–15 எனத் தோற்றபோது இந்திய அணி செய்த முறையீடு தள்ளுபடியானது. 69 கிலோ பிரிவில் விகாஸ் கிருஷ்ணன் அமெரிக்காவின் எரல் ஸ்பென்ஸை 13–11 என வென்றதாக அறிவிக்கப்பட்டு, பின் அமெரிக்கா முறையிட்டதும், சர்வதேசச் சங்கமான ஏஐபிஏ காணொளியைப் பார்த்து முடிவை 15–13 எனத் திருப்பியது. மூன்றாம் சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைக் கட்டிப்பிடித்தார், இரண்டாம் சுற்றில் பல் காப்பை வேண்டுமென்றே துப்பினார், களநடுவர் குறைந்தது இரண்டு எச்சரிக்கைகளாவது விதித்திருக்க வேண்டும், அவற்றுக்குரிய நான்கு புள்ளிகள் ஸ்பென்ஸைச் சேரும் என்பது அதன் விளக்கம். புள்ளி நடுவர்களின் கணக்கு இங்கே கேள்விக்கு உள்ளாகவே இல்லை. களநடுவர் தராத எச்சரிக்கை சண்டை முடிந்த பிறகு தரப்பட்டதாக எண்ணப்பட்டது. கால் புள்ளிக்காகக் கிப்ஸைத் திட்டியவர்கள், மேடையே காலியான பின்னர் நான்கு புள்ளிகள் இடம் மாறும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

2013இல் அமெச்சூர் சண்டைகளும் பத்துப் புள்ளி முறைக்குத் திரும்பின. அத்துடன், நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் வழி அடைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இஞ்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் மணிப்பூரின் சரிதா தேவி கொரியாவின் பார்க் ஜி நாவிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டபோது அந்த அடைப்பின் விளைவு வெளிப்பட்டது. முறையீடு ஏற்கப்படாததால், பரிசளிப்பு மேடையில் அழுதபடி நின்ற அவர் தம் வெண்கலப் பதக்கத்தைப் பார்க்கின் கழுத்திலேயே போட்டார். அதற்காக ஓராண்டுத் தடை பெற்றார். தீர்ப்பு சரியா என்பதை விசாரிக்க வழியில்லாத அமைப்பு, தீர்ப்பை ஏற்க மறுத்தவரின் நடத்தையை மட்டும் விசாரித்தது.

2016 ரியோவில் ஐந்து நடுவர்களுள் மூவரின் அட்டைகளைக் கணினி தற்செயலாகத் தேர்ந்தெடுத்தது. ஹெவிவெயிட் இறுதியில் பின்வாங்கிக்கொண்டே இருந்த ரஷ்யாவின் எவ்கேனி டிஷ்செங்கோவுக்கு மூன்று அட்டைகளும் 29–28 என்று சொல்ல, விடாமல் துரத்திய கஜகஸ்தானின் வசிலி லெவிட் வெள்ளியோடு இறங்கினார். அரங்கம் தங்கம் வென்றவரை நோக்கிக் கூச்சலிட்டது. ரியோவில் பணியாற்றிய 36 நடுவர்களும் பின்னர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். 2021இல் வெளியான ரிச்சர்ட் மெக்லாரனின் விசாரணை அறிக்கை, அந்தப் போட்டியில் முடிவுகளைத் திரிக்கும் ஏற்பாடு இருந்ததாகக் கூறியது. அதற்கு முன்பே, 2019இல், சர்வதேச ஒலிம்பிக் குழு ஏஐபிஏவை இடைநீக்கம் செய்திருந்தது.

ஒலிம்பிக் குழுவே பொறுப்பேற்று நடத்திய டோக்கியோ போட்டியில் ஐந்து அட்டைகளும் கணக்கில் சேர்ந்தன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மதிப்பெண்கள் வெளிப்படையாகக் காட்டப்பட்டன. 51 கிலோ பிரிவில் மேரி கோம் கொலம்பியாவின் இங்கிரிட் வலென்சியாவிடம் முதல் சுற்றை 1–4 என இழந்து, அடுத்த இரண்டையும் தலா 3–2 எனப் பெற்றார். மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றவர் தோற்றது எப்படி என்ற கேள்வி இந்தியாவில் உடனே எழுந்தது. விடை எளிது: சுற்றுகள் கூட்டப்படுவதில்லை, ஒவ்வொரு நடுவரும் தம் மூன்று சுற்றுகளைத் தனியே கூட்டுகிறார். ஐந்து நடுவர்கள் இட்ட பதினைந்து சுற்றுத் தீர்ப்புகளில் எட்டு வலென்சியாவுக்கும் ஏழு மேரி கோமுக்கும் விழுந்தன. நடுவர்கள் 3–2 எனப் பிரிந்தனர். தாம் வென்றுவிட்டதாகவே நினைத்துக் கையை உயர்த்திய மேரி கோமின் கண் முன்னேதான் இந்த எண்கள் எல்லாம் இருந்தன என்பதால், இம்முறை மறைவு மீது பழி போட முடியவில்லை. 2024 பாரிஸில், 71 கிலோ காலிறுதியில் நிஷாந்த் தேவ் முதல் சுற்றை 4–1 என வென்று, மெக்சிகோவின் மார்க்கோ வெர்டேவிடம் 1–4 எனத் தோற்றபோதும் அதே நிலைதான்: எந்த நடுவர் எந்தச் சுற்றை யாருக்குக் கொடுத்தார் என்பது வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவருக்கும் தெரிந்திருந்தது, ஏன் கொடுத்தார் என்பதைச் சொல்லும் கட்டம் மட்டும் அந்த அட்டையில் இல்லை.