ஏலமலைப் பாதைகள் – 9: பிடி நழுவிய மணி நேரம்

போன வாரம் உங்களை டாப் ஸ்டேஷன் விளிம்பில், ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்காரவைத்துவிட்டுப் போனேன். ஏழு நாளாக அந்தக் குளிரில் அங்கேயேதான் இருக்கிறீர்கள். போர்வைகூடக் கொடுக்கவில்லை.

எழுந்து வாருங்கள். கீழே பாருங்கள்.

மஞ்சு விலகுகிற நேரம் பார்த்து எட்டிப் பார்த்தால் குரங்கணி தெரியும். கூடவே கொட்டகுடி. அதற்கும் அப்பால், வெயிலில் காய்ந்துகொண்டு, நம்ம போடி.

முதுகுக்குப் பின்னால் கண்ணன் தேவன் கம்பெனியின் தோட்டங்கள். பெட்டி பெட்டியாகத் தேயிலை. அது கப்பலேறி லண்டனுக்குப் போயாக வேண்டும். மூணாறிலிருந்து மேற்கே இறங்கலாம் என்றால் அடர்ந்த காடு, ஆறு, ஓயாத மழை. கிழக்கே ஒரே ஒரு தடைதான். மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தை மட்டும் தாண்டிவிட்டால் போதும். கொட்டகுடியிலிருந்து போடி வழியாக மாட்டு வண்டி, பிறகு ரயில், பிறகு தூத்துக்குடித் துறைமுகம்.

இறங்குவதுதானே, அதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா?

போடிமெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் இறங்கும்போது பாட்டு நின்றுவிடும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது அவர் படித்த பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் முந்தல் வருவதற்குள் டிரம் காய்ந்து கருகல் வாடை அடிக்கும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

மலையில் வேகம் சும்மா கிடைக்கும். அதை ஏறவிடாமல் பிடித்துவைப்பதற்குத்தான் காசும் மூளையும் செலவாகும்.

எவ்வளவு சும்மா? கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், விரல்விட்டு எண்ணுகிற கணக்குதான்.

டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கட்டிய ரோப்வே சுமார் ஐந்து கிலோமீட்டர். இறக்கம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஒன்று சரிவு. நேராகக் கீழே விழும் பொருளுக்கு ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர் வேகம் கூடும். இந்தச் சரிவில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 2 மீட்டர். உராய்வையும் காற்றையும் மறந்துவிடுங்கள். ஒரு பெட்டியைக் கம்பியில் மாட்டி, கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

முதல் விநாடியில் ஒரே மீட்டர். எட்டிப் பிடித்துவிடலாம்.

இரண்டாம் விநாடியில் மூன்று மீட்டர். மூன்றாவதில் ஐந்து. நான்காவதில் ஏழு.

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கலிலியோ. நேராக விழுவதைக் கண்ணால் அளக்க முடியவில்லை என்று சாய்வுப் பலகையில் குண்டை உருட்டி, ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரம் பார்த்தார். விழுவதையே மெதுவாக்கிப் பார்த்த கெட்டிக்காரர். நம் மலையைப் பார்த்திருந்தால் பலகையைத் தூக்கிப் போட்டிருப்பார்.

பெட்டிக்கு வருவோம். பத்து விநாடியில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இருபதில் 140. எழுபது விநாடியில் கொட்டகுடி வந்துவிடும். எந்த வேகத்தில்?

மணிக்கு 500 கிலோமீட்டர்.

தேயிலைத் தூளைக் கொட்டகுடியில் கூட்டி அள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் ரோப்வே போட்டவர்களின் கவலை முழுவதும் வேகத்தைப் பற்றியல்ல, வேகம் கூடுவதைப் பற்றி. கீழே இழுக்கும் பலமும் பிடித்துவைக்கும் பலமும் சரிக்குச் சரியாக நின்றால், பெட்டி புறப்பட்ட வேகத்திலேயே போய்ச் சேரும். ஒரு பொருள் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பலமோ அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்றுதான் நம் மனசு சொல்லும். இல்லை என்றார் நியூட்டன். பலம் தேவைப்படுவது வேகத்தை மாற்றுவதற்குத்தான். இறங்கும் சுமையை ஏறும் சுமையால் ஈடுகட்டுவது ரோப்வேக்காரர்களின் பழைய சூத்திரம். கீழே தேயிலை போனது, மேலே தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி வந்தது.

குரங்கணியிலிருந்து இன்று மலையேறுகிறவர்களுக்கு டாப் ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் ஓர் ஊர் குறுக்கிடும். பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே பார்க்காத சென்ட்ரல்!

ஆனால் டாப் ஸ்டேஷன் ரயில் பார்த்த ஊர். 1902இல் மூணாறிலிருந்து ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். எடையில் பெரும்பங்கு அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல், சாயாமல் இருக்கப் பக்கத்தில் தரையில் உருளும் ஒரு பெரிய சக்கரம். இழுத்தது காளை. 1908இல் காளைக்கு ஓய்வு. இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர்.

மேலே ரயில், சரிவில் கம்பி, அடியில் மாட்டு வண்டி. மூன்றும் ஒன்றையொன்று நம்பி ஓடின. பதினாறு வருஷம்.

1924, ஜூலை.

போடியில் ஆடிக் காற்று. அம்மியை நகர்த்துகிற காற்று. மழை? ஒரு பேச்சுக்குக்கூட இல்லை. மேற்கிலிருந்து வரும் மேகம் மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு காற்றாக மட்டும் நம் பக்கம் இறங்கும்.

அந்த வருஷம் அந்தப் பக்கம் கொட்டியது எவ்வளவு தெரியுமா? அந்த ஒரு மாதத்தில் மட்டும் மூணாறில் 485 சென்டிமீட்டர் என்கிறது கணக்கு. இரண்டரை ஆள் உயரத்துக்கு மேல்! மலையாளக்கரையில் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றால் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொல்லம் ஆண்டு 1099.

மண் ஊறியது. மரங்கள் வேரோடு சரிந்தன. எல்லாம் ஆற்றில் வந்து விழுந்தன.

மூணாற்றுக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இங்கேதான் தொடங்குகிறது. மாட்டுப்பட்டியில் இரண்டு மலைகள் நெருங்கி நிற்கும் இடம். அடித்து வந்த மரமும் மண்ணும் பாறையும் அந்த இடுக்கில் சிக்கிக்கொண்டன. ஆறு நின்றது. யாரும் கட்டாத ஓர் அணை.

அந்த மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

கீழே மூணாற்றில் ஆற்று மட்டம் குறைந்திருந்தால் ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வெள்ளம் வடிகிறது என்றுதானே! மேலே நீர் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. வேகம் பூஜ்யம். கண்ணால் பார்த்தால் குளம். ஆனால் உயரத்தில் நிற்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரும், நாம் மேலே கணக்குப் போட்ட பெட்டி மாதிரிதான். கையை எடுக்கும் வரைக்கும்தான் அமைதி. ரோப்வேயில் பிடித்துவைக்க இரும்பும் ஆளும் உண்டு. இங்கே பிடித்திருப்பது ஊறிப்போன மண்.

கையை எடுத்தாயிற்று.

ஓடும் நீரின் கொடூரம் அதன் அளவில் பாதிதான், மீதி வேகத்தில். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய பாறையின் எடை எத்தனை மடங்கு கூடும்? இரண்டா? நாலா? அறுபத்துநான்கு! வேகத்தின் ஆறாம் படி. நேற்றுவரை கூழாங்கல்லைப் புரட்டிய ஆறு இன்று வீட்டளவு பாறையைப் புரட்டுவது இப்படித்தான். அதன் முன்னால் இரண்டடிப் பாதை எம்மாத்திரம்?

தண்டவாளம் போயிற்று. பாலம் போயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

மழை ஓய்ந்ததும் கம்பெனிக்காரர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். திரும்பவும் தண்டவாளம் போடுவதா? அதே சரிவு, அதே ஆறு, அதே ஜூலை. வேண்டாம் என்று விட்டதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. காசு போட்டவனுக்கு அடுத்த மழை கண்ணுக்குத் தெரியும். மூணாறு ரயில் நிலையக் கட்டடம் பிழைத்து, இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இருக்கிறது.

இதில் வேடிக்கை, மேலே ரயில் செத்த நான்காம் வருஷம் கீழே ரயில் பிறந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது. இத்தனை காலம் மாட்டு வண்டி அச்சு முறிய இழுத்த ஊருக்கு, எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு வந்து நின்றது. ஏலக்காய் மூட்டைகள் ஏறின. ஊரே நிமிர்ந்தது.

வெள்ளம் எட்டாத சமவெளி. பாறை உருளாத பாதை. இதை யார் என்ன செய்துவிட முடியும்?

ஆனால் பதினைந்து வருஷம் முடிவதற்குள் ஒரு நாள் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். போடிப் பாதையின் தண்டவாளங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள்.

திருடர்களா? இல்லை. சர்க்காரே அனுப்பிய ஆட்கள்.

போடியின் இரும்பு யாருக்கு, எதற்குத் தேவைப்பட்டது?

(அடுத்த வாரம்)