உயரம் கூட்டிய வண்டிகள்: வண்டலூர் முதல் ஒரகடம் வரை

சென்னை வட்டாரத்தில் மோட்டார் வண்டியை உயர்த்தும் வழக்கம், இங்கே மோட்டார் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்தே இருந்து வருகிறது. இங்கிலாந்தின் சாலைகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட கார்கள் கப்பிச் சாலையிலும் மாட்டுவண்டித் தடத்திலும் ஓட வேண்டியிருந்தது. அடிப்பாகம் தரையில் தட்டியது. பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர்களுக்குக் காரணம் வேறு. குறிப்பிட்ட எடைக்கு மேல் ஏற்றினால் வண்டி குந்திவிடும் என்பதால் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்தினார்கள். அதோடு வண்டியும் உயர்ந்தது. உயர்த்திய வண்டியின் ஸ்டியரிங் உதறுவதும் ஒருபக்கம் இழுப்பதும் ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலை இந்த வழக்கத்தின் கூடவே வளர்ந்தது.

இதன் முதல் அத்தியாயம் வண்டலூரில் நடந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கூட்டாக 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் கார்களைப் பூட்டியது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில்தான் இன்றைய ஒரகடம் இருக்கிறது. அங்கே தொழிற்பேட்டை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அச்சாலையின் கிழக்கு முனையில் கார் செய்யும் ஊர் இருந்தது.

1961-இல் அங்கிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பைக் கொண்டது. குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் சக்கரங்கள் தொங்கின. அச்சுத்தண்டின் பாதி ஒவ்வொன்றும் டிஃபரன்ஷியலை ஒட்டி ஊஞ்சல்போல ஆடியது. இந்த அமைப்பில் வண்டியின் உயரமும் சக்கரத்தின் சாய்வும் பிரிக்க முடியாதவை. பின்பக்கம் உயர்ந்தால் இரு சக்கரங்களின் அடிப்பாகமும் உள்நோக்கி ஒடுங்கும். அந்த நிலையில் வேகமாக வளைவில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கப் பார்க்கும். தளர்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, சூடேற்றி அடித்து, பழைய வளைவுக்கும் மேலே வளைவு கொடுத்துப் பூட்டினால் நேர்வது இதுதான். டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்வதே அதன் முதல் அடையாளம்.

இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த அமைப்பு பிடிக்கவில்லை. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் நிறுவனமே அதைக் கைவிட்டு, ஒரே குழாயாக நீளும் முழு ஆக்சிலைப் பின்னால் வைத்தது. பொறியியல் நூல்களின் கண்ணோட்டத்தில் இது பின்னோக்கிய நடை. இந்தச் சாலைகளின் கண்ணோட்டத்தில் சரியான முடிவு: முழு ஆக்சிலில் வண்டி எவ்வளவு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பின்சக்கரங்கள் செங்குத்தாகவே நிற்கும்.

அதே தொழிற்சாலை 1985-இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, தொழிற்சாலையிலேயே உயரம் கூட்டப்பட்ட காருக்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்ற பெயரில் ஓடிய தாழ்வான, வேகமான கார் அது. சென்னையில் அதற்குப் பழைய வேன்கார்டு காரின் வழியில் வந்த 1991 சிசி எஞ்சினையும் உயர்த்தப்பட்ட சஸ்பென்ஷனையும் கொடுத்தார்கள். அந்தக் கார் விற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. விலையும் எஞ்சினும் அதைக் கவிழ்த்தன.

அக்காலத்தில் பிக்கப் வண்டிகள் பெருகத் தொடங்கின. ஸ்டாண்டர்டு 20 என்ற ஒரு டன் வண்டிக்குப் பிறகு, 1988-இல் வந்த டாடாமொபைலும் அதன் வழியில் வந்த டாடா 207-உம், மகிந்திராவின் ஜீப் வழி வந்த பிக்கப்களும் காய்கறிச் சந்தைக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போயின. அவற்றை உயர்த்தும் வேலை நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பிரிங் பட்டறைகளில் நடந்தது. அதற்கு வேண்டிய இரும்பு, உடைத்த லாரிகளின் பாகங்கள் குவியும் சென்னைப் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தது. ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டையைக் கூட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட்டால் இறுக்குவது இரண்டாவது. ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டிப்பது மூன்றாவது. முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கி வேலை செய்யும் டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் இதெல்லாம் வேண்டாம். சரிசெய்யும் போல்ட்டை ஸ்பானரால் சில சுற்று திருகினாலே முன்பக்கம் எழும்பிவிடும். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டிய மிட்சுபிஷி பஜேரோவில் இருந்தது அந்த வகை.

இந்த வழிகள் எல்லாமே உயரத்தை மட்டும் கூட்டுபவை. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் டிராக் லிங்க், டை ராட், பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவை பழைய உயரத்துக்கு அளந்து செய்யப்பட்டவையாகவே நிற்கின்றன. கோளாறுகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

முன்பக்கம் முழு ஆக்சில் உள்ள வண்டியை எடுத்துக்கொண்டால், உயர்த்தியதும் டிராக் லிங்க் சரிந்துவிடுகிறது. சரிந்த லிங்க் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையிலான தூரத்தை வேறாக எட்டுவதால், வண்டி நேராகப் போகும்போதே ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். குழியில் ஏறி இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வண்டி அலைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சரிவைத்தான். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து லிங்க்கைத் தள்ளும் பிட்மேன் ஆர்மைத் தாழ்வானதாக மாற்றி லிங்க்கைப் பழைய கிடைநிலைக்குக் கொண்டுவருவதே அதற்கு மருந்து.

காஸ்டர் இன்னும் நுட்பமானது. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அந்தச் சில டிகிரிகள்தான், திரும்பிய ஸ்டியரிங்கைத் தானே நேராகத் திரும்பி வரச் செய்கின்றன. ஷேக்கிள் முன்முனையில் அமைந்த ஜீப் வகை வண்டியில் நீளமான ஷேக்கிளைப் போட்டால் ஆக்சில் முன்னோக்கி உருண்டு காஸ்டர் குறையும். பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினாலும் இதே விளைவுதான். மூன்று மீட்டர் வீல்பேஸ் உள்ள பிக்கப்பின் பின்பக்கம் 50 மி.மீ. எழும்பினால், முன்னால் ஒரு நட்டைக்கூடத் தொடாமலே காஸ்டர் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைந்துவிடும். சுமை ஏறும்போது பின்பக்கம் தாழ்ந்து கணக்கு நேராகும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஸ்டியரிங் லேசாகி வண்டி தடம் பிடிக்காமல் மிதக்கும். "லோடு இருந்தா நல்லா ஓடுது, எம்ட்டியா வந்தாத்தான் அலையுது" என்ற வகைப் புகாருக்கு முதலில் இந்தக் காரணத்தைச் சந்தேகிக்கலாம். முன்பக்கம் முழுவதையும் கழற்றிப் போட்டாலும் இதற்கு விடை கிடைக்காது. விடை பின் ஸ்பிரிங்கில் இருக்கிறது.

டார்ஷன் பாரைத் திருகி உயர்த்திய வண்டியில் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் கீழ்நோக்கிச் சரிந்து, பால் ஜாயின்ட்டுகள் தம் எல்லையை ஒட்டி வேலை செய்கின்றன. சக்கரத்தின் செங்குத்துச் சாய்வான கேம்பரும், முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவான டோவும் சேர்ந்தே மாறுகின்றன. சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சம் இருந்த இடைவெளி தீர்ந்துவிடுவதால் சின்னப் பள்ளத்திலும் 'டக்' என்று அடிக்கும். பலர் இதை ஷாக் அப்சார்பர் போய்விட்டதாக எண்ணிப் புதிது வாங்கிப் போடுகிறார்கள். அந்தப் பணம் வீண்.

ஸ்டியரிங்கோடு தொடர்பே இல்லாத ஒன்றும் ஸ்டியரிங் கோளாறாகத் தோற்றம் தரும். பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட லோடு சென்சிங் வால்வு உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் சுமை ஏறியிருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டித் தருவது அதன் வேலை. உயர்த்திய வண்டியில் முழுச் சுமை இருக்கும்போதும் அது வண்டி காலி என்றே கொள்ளும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் மட்டும் அமுங்கும். முன்பிரேக்கில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் வண்டி ஒருபக்கம் பலமாக இழுக்கும். வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் பார்ப்பதில் பொருளில்லை.

தேர்ந்த பட்டறைகளில் கோளாறு தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாகச் சிறிதாக ஆட்டிக்கொண்டே இருப்பார். மற்றொருவர் அடியில் படுத்து, டை ராட் எண்ட், டிராக் லிங்க் முனை, ஸ்டியரிங் பாக்ஸ் பிடிமானம் என ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல்களை வைப்பார். இரண்டு பாகங்களும் சேர்ந்து நகர்ந்தால் நல்லது. ஒன்று நகர்ந்து மற்றொன்று தாமதித்தால் அந்த 'ஆட்டம்' கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரியும். அடுத்துச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைப்பார்கள். அப்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது கிங்பின், அல்லது பால் ஜாயின்ட். பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி மீண்டும் அசைத்தால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மறையாமல் நின்றால் குற்றவாளி கிங்பின்னோ பால் ஜாயின்ட்டோதான். பக்கவாட்டில் மட்டும் அசைந்தால் டை ராட் பக்கம் திரும்ப வேண்டும். பிறகு யூ போல்ட்டுகள். புதிதாகப் போட்ட பட்டையும் கட்டையும் சில நாள் ஓட்டத்தில் அமுங்கி அவற்றைத் தளர்த்திவிடுவதால், மறுபடி முறுக்கிய பிறகே மற்றதைத் தேடுவார்கள்.

குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் உதறும் கோளாறு முழு ஆக்சில் வண்டிகளுக்கே உரியது. அதற்குத் தேய்ந்த இணைப்பும் குறைந்த காஸ்டரும் டயர் பேலன்ஸும் சேர்ந்தே காரணமாவது வழக்கம். ஸ்டியரிங் டேம்பரை மாற்றினால் உதறல் சில காலம் அடங்கும். தேய்ந்த இணைப்பு அப்படியே இருக்கும். இதைச் செய்து அனுப்பும் பட்டறை நோயை மூடிவைக்கிறது. ஓடும் வண்டியில் உதறல் வந்தால் பிரேக்கை அடித்து மிதிக்காமல் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.

ஆட்டம் எல்லாம் தீர்ந்த பின்பே அலைன்மென்ட். முன்பு பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை அச்சு உயரத்தில் நூல் கட்டி, டயர் ஓரங்களில் அது எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்து டோவைச் சரிசெய்தார்கள். நூலால் டோவைப் பார்க்கலாம். காஸ்டரை அளக்க முடியாது. கணினி அலைன்மென்ட் பரவிய பிறகு காஸ்டர் ஒரு எண்ணாகத் திரையில் வந்தது. அந்த இயந்திரங்களைச் செய்யும் மனாடெக் நிறுவனம் பக்கத்துப் புதுச்சேரியில் இருக்கிறது. ஆட்டம் உள்ள வண்டியை ஏற்றினால் இயந்திரமும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணையே காட்டும்.

பட்டறைகள் இப்படி வளர்ந்த காலத்தில் சென்னையைச் சுற்றிப் புதிய ஆலைகளும் வந்தன. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால்வைத்து, 1998-இல் சான்ட்ரோவை வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. பழைய பெயர்களும் புதிய இடத்துக்கு வந்தன: 1929-இல் சென்னையில் மோட்டார் விற்பனை நிறுவனமாகத் தொடங்கி, பிறகு டை ராட் எண்டும் ஸ்டியரிங் பாகங்களும் செய்யும் நிறுவனமாக வளர்ந்த ரானே மெட்ராஸுக்கு, ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகும் வழியில் வாரணவாசியில் ஆலை உள்ளது. தொழிற்சாலை ஒரு வண்டியின் உயரத்தைக் கூட்டும்போது லிங்க்கின் கோணமும் பிரேக் வால்வின் அளவும் அதே வரைபடத்தில் மாறுகின்றன. சாலையோரப் பட்டறைக்குக் கிடைக்காத வசதி இது.

மத்திய அரசு 2005-இல் தொடங்கிய நேட்ரிப் என்ற வாகனச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தின் கீழ் ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் எழுந்தது. சோதனைத் தடங்களும் மோதல் சோதனைக் கூடமும் உள்ள அந்த மையம் புதிய மாடல்களுக்குச் சான்று தருகிறது. அச்சான்று வண்டி ஆலையை விட்டு வந்த வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. ஏற்கெனவே உயர்த்தப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப்பை வாங்குபவர், கூட்டிய பட்டையையும் கட்டையையும் கழற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு இணைப்புகளையும் லோடு சென்சிங் வால்வையும் சோதிப்பது நல்லது. பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.