உண்டை, திர, மூச: ஈய வார்ப்புச் சொற்களின் வரலாறும் எல்லைப்பகுதி மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

தமிழில் சொல்லிறுதியில் ஐகாரம் நிற்கும் இடத்தில் மலையாளத்தில் அகரம் நிற்பது இரு மொழிகளையும் ஒப்பிடுவோர் முதலில் அறியும் ஒலித்தொடர்பாகும். தலை - தல, மலை - மல, இலை - இல என்பன அதற்குச் சான்றுகள். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் இரு மொழிகளுக்கிடையே புழங்குவோர் இவ்விதியைக் கல்லாமலே கையாளுகின்றனர். எனினும், ஒலி ஒத்தால் பொருளும் ஒக்கும் என்ற நம்பிக்கை மொழிபெயர்ப்பாளரை எங்கே கைவிடும் என்பது ஆராயத்தக்கது.

அவ்வாராய்ச்சிக்கு ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக்கு உண்டை வார்க்கும் பழந்தொழிலின் சொற்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இத்தொழிலோடு தொடர்புடைய மலையாளச் சொற்கள் மூன்று: உண்ட, மூச, திர. மேற்கண்ட விதியின்படி இவை தமிழில் உண்டை, மூசை, திரை என்றாகும். முதலாவது சரியானது, இரண்டாவது பாதி சரியானது, மூன்றாவது முற்றிலும் தவறானது. இவ்வேறுபாட்டுக்கான காரணம் ஒலியியலில் இல்லை. தொழிலின் வரலாற்றில் உள்ளது.

2. உண்டையும் குண்டும்

உண்டை என்பது துப்பாக்கிக்கு முற்பட்ட சொல். களிமண்ணை உருட்டி வில்லில் வைத்து எய்யும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அவ்வில் உண்டைவில் எனப்பட்டது. இராமன் சிறுவனாக இருந்தபோது கூனியின் முதுகில் வில்லுண்டையால் அடித்த செய்தியைக் கம்பர் அயோத்தியா காண்டத்தில் குறிக்கிறார். ஆகவே, எறியப்படும் உருண்டை என்னும் பொருள் இச்சொல்லுக்குப் புதிதன்று. ஈயத்தால் வார்க்கப்பட்டு வெடிமருந்தின் விசையால் செல்லும் உருண்டை வந்தபோது, மலையாளம் பழஞ்சொல்லையே அதற்கு வைத்துக்கொண்டது. இன்றும் அங்கே 'வெடியுண்ட' என்பதே வழக்கு.

தமிழ் வேறு வழியில் சென்றது. திரண்டதும் கனமானதுமான பொருளைக் குறிக்கும் குண்டு என்ற சொல் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் பொதுவாயிற்று. பின்னர் வெடித்துச் சிதறும் கலமும் அதே பெயரைப் பெற்றது. இதனால் இன்றைய தமிழில் குண்டு என்பது மூன்று பொருள்களைச் சுமக்கிறது. உடன்வரும் வினையே பெரும்பாலும் பொருளைத் தெளிவாக்குகிறது. 'குண்டு பாய்ந்தது' எனில் துப்பாக்கியினுடையது. 'குண்டு வெடித்தது' எனில் வெடிகலம். ஆனால் 'குண்டு வைத்திருந்தான்' என்ற தொடரில் வினையும் கைகொடுப்பதில்லை. அது கையில் ஓர் ஈய உண்டையை வைத்திருந்ததையும் குறிக்கலாம். ஓரிடத்தில் வெடிகுண்டைப் பொருத்தியதையும் குறிக்கலாம். இவ்விருபொருளின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இலங்கைத் தமிழ் இவ்விடர்ப்பாட்டை வேறு விதமாகக் கடந்துள்ளது. அங்கே பாயும் பொருள் சன்னம் என்றும், துப்பாக்கியில் இடப்படுவது ரவை என்றும் வழங்கப்படுகின்றன. தமிழகத்தில் ரவை என்றால் சிறு ஈயமணி அல்லது உப்புமாவுக்கான கோதுமைக் குருணையே நினைவுக்கு வரும். எனவே தமிழுக்குள்ளேயே ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொன்றுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை உள்ளது.

3. எந்த ஈயம்?

ஈயம் என்ற பெயரே அடுத்த சிக்கல். காரீயம் சுமார் 327 பாகை செல்சியசிலும் வெள்ளீயம் சுமார் 232 பாகையிலும் உருகும். இரண்டும் மென்மை உடையவை. வீட்டு அடுப்பிலேயே உருகக்கூடியவை. இதனால் ஈயம் என்ற ஒரு பெயரே இரண்டுக்கும் நெடுங்காலம் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அறிவியல் நூல்களில் ஈயம் என்பது இரு மொழிகளிலும் பெரும்பாலும் காரீயத்தையே சுட்டும். மற்றதைத் தமிழ் வெள்ளீயம் என்றும் மலையாளம் வெளுத்தீயம் என்றும் பிரித்துரைக்கும்.

வீட்டு வழக்கு அவ்வாறன்று. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் ரசம் வைக்கப் பயன்படும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம் கொண்டே. இத்தொடர்களை அறிவியல் நூலின் ஈயமாகக் கொண்டு மொழிபெயர்த்தால், புளிப்பேறிய ரசம் நச்சு உலோகத்தில் கொதிப்பதாகப் பொருள்படும். மாறாக, உண்டை வார்க்கும் ஈயத்தை வெள்ளீயம் எனக் கொண்டால் வரலாறு பிழையாகும். உண்டைக்குக் காரீயம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அதன் கனமே முதற்காரணம்; மென்மை அடுத்த காரணம். நாகம் என்ற சொல்லும் இத்தகையதே. வடமொழி ஆயுர்வேத நூல்களில் நாகம் காரீயம். சித்த மருத்துவத்தில் அது துத்தநாகம்.

காரீயத்தின் கனம் ஓர் அளவுமுறைக்கே அடிப்படையாயிற்று. துப்பாக்கி உரிமங்களில் காணப்படும் '12 போர்' என்ற குறிப்பில் உள்ள எண் அங்குலமும் அன்று. துளைகளின் எண்ணிக்கையும் அன்று. ஒரு பவுண்டு காரீயத்தை 12 சம உண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று பொருந்தும் குழல் என்பதே அதன் பொருள். அதாவது ஓர் உண்டை ஏறத்தாழ 38 கிராம். எண் பெருகப் பெருகக் குழல் சிறுப்பதன் காரணமும் இதுவே. இதனைப் 'பன்னிரு துளைத் துப்பாக்கி' என மொழிபெயர்ப்பது இந்த வார்ப்பு வரலாற்றை அறியாததன் விளைவாகும்.

4. அச்சு, கரு, மூசை

உருகிய உலோகத்துக்கு வடிவம் தரும் கருவிக்குத் தமிழில் இரு சொற்கள் உள்ளன. மெழுகுப் படிமத்தின் மேல் மண் பூசிச் செய்யும் வார்ப்பில் அம்மண்கூடு கரு எனப்படும். ஒரு படிமம் வார்த்தபின் அதனை உடைத்தே ஆகவேண்டும். அச்சு அத்தகையதன்று, மீண்டும் மீண்டும் ஒரே வடிவத்தைத் தருவது அது. உண்டை வார்க்கும் கருவி இரு பாதிகளாய்ப் பிரிந்து, கைப்பிடிகளோடு குறடு போல் திறந்து மூடும் அச்சாகும். பழைய துப்பாக்கிகளின் குழல் விட்டம் ஒன்றுக்கொன்று வேறுபட்டதால், துப்பாக்கியோடு அதற்கேற்ற அச்சையும் சேர்த்தே விற்பது வழக்கமாக இருந்தது. இத்தகைய குறட்டைத் தமிழில் இடுக்கி என்றும் சொல்வர். 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்தின் பெயரோ மலைகளுக்கிடையே உள்ள குறுகிய இடைவெளியால் அமைந்தது. இரண்டுக்கும் அடிப்படை 'இடுக்கு' என்பதே.

ஒரே வடிவத்தை மீளத் தரும் இப்பண்பினாலேயே அச்சு என்ற சொல் எழுத்து வார்ப்புக்கும் பொருந்தியது. கொல்லத்தில் 1578இல் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' முதல், உலோக எழுத்துகள் அச்சகங்களை விட்டு அகன்ற அண்மைக்காலம் வரை தமிழ் எழுத்து வார்ப்பின் வரலாறு நீள்கிறது. அச்செழுத்துக்குரிய காரீயத்தில் வெள்ளீயமும் அஞ்சனக்கல்லிலிருந்து பெறப்படும் உலோகமும் சேர்த்துக் கடினமாக்குவர். துப்பாக்கி உண்டைக்கோ நெடுங்காலம் மென்மையான தூய காரீயமே வேண்டப்பட்டது.

மலையாள 'மூச' இங்கேதான் மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்கிறது. தமிழில் மூசை என்பது தட்டார் உலோகத்தை உருக்கும் மண்குகை. மலையாளத்திலும் அப்பொருள் உண்டு. ஆயினும் இன்று அங்கே மேலோங்கி நிற்பது வார்க்கும் அச்சு என்னும் பொருளே. கண்ணார்த் தொழிலாளரான மூசாரிகளின் பெயரும் இச்சொல்லோடு தொடர்புடையது. 'ஒரே மூசயில் வார்த்தவர்கள்' என்பதனைத் தமிழில் 'ஒரே மூசையில்' எனப் பெயர்த்தால் உருக்கும் கலமும் வடிக்கும் கலமும் இடம் மாறிவிடும். 'ஒரே அச்சில் வார்த்தவர்கள்' என்பதே நேரான பெயர்ப்பு.

5. உயவுப்பொருளும் 1857உம்

வார்ப்புத் தொழிலில் பூசப்படும் பொருள்கள் யாவும் ஒரே பணியைச் செய்வதில்லை. உலோகப் பரப்பைத் தூய்மையாக்கப் பயன்படுவது ஒன்று. ஈயம் பூசுவோரின் நவச்சாரம் இவ்வகையது. வார்த்த பொருள் அச்சில் ஒட்டாமல் கழலச் செய்வது மற்றொன்று. விளக்குப் புகையின் கரி அதற்குப் போதும். உண்டை குழலுக்குள் உராய்ந்து செல்கையில் படியும் மருந்துக்கசடும் ஈயமும் இறுகாமல் காப்பது மூன்றாவது; இதுவே உயவுப்பொருள். மூன்றையும் 'எண்ணெய்' அல்லது 'மசகு' எனப் பொதுப்படக் கூறினால் வாசகர் குழம்புவர். அதிலும் 'அச்சுக்கு மசகு' என்றால் சிற்றூர்க்காரருக்கு மாட்டுவண்டியின் அச்சே நினைவுக்கு வரும். வண்டியச்சுக்கு இடுவதும் மை. அச்சகத்தில் பூசுவதும் மை.

உயவுப்பொருளின் பெயர் இந்திய வரலாற்றில் பெரும் இடம் பெற்றது 1857இல். 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கியின் குழலில் சுருள்வரிகள் இருந்தன. அதன் மென்மையான காரீய உண்டை வெடிப்பின் விசையில் விரிந்து அவ்வரிகளைப் பற்றவேண்டும். அதற்கு உயவு இன்றியமையாதது. உண்டையும் அளந்த மருந்தும் ஒரு காகிதச் சுருளில் பொதியப்பட்டு, உண்டை இருக்கும் முனையில் கொழுப்பு தடவப்பட்டது. சிப்பாய் சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, உண்டையை உள்ளே இடிக்க வேண்டும். கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற செய்தி பரவியது. 1857 ஜனவரியில், சிப்பாய்கள் தாம் விரும்பும் பூச்சைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு செய்யப்பட்டும் ஐயம் தீரவில்லை. ஏப்ரல் 24இல் மீரட்டில் 90 வீரர்களுள் 85 பேர் சுருள்களைத் தொட மறுத்தனர். மே 10இல் கிளர்ச்சி வெடித்தது.

தமிழில் இந்நிகழ்ச்சி 'கொழுப்பு தடவிய தோட்டா' என்றே கற்பிக்கப்படுகிறது. சொல் பிழையன்று, ஆனால் வரலாற்றை மறைக்கிறது. இன்றைய மாணவன் அறிந்த தோட்டா பித்தளைக் கூடு உடையது. அத்தகைய கூடு ஆங்கிலேயப் படையில் 1866இல் ஸ்னைடர் துப்பாக்கியோடுதான் இடம்பெற்றது. பித்தளையை ஏன் பல்லால் கடிக்கவேண்டும் என்று மாணவன் கேட்டால், பாடநூலின் சொல்லில் அதற்கு விடை இல்லை. 'காகிதத் தோட்டா' என்ற ஓர் அடைமொழியே அக்குறையை நீக்கிவிடும்.

6. தோட்டாவும் திரவும்: எல்லைப்பகுதியின் நிலை

தோட்டா தமிழுக்கு வடக்கிலிருந்து வந்த சொல். இந்துஸ்தானியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதன் வடிவங்கள் உள்ளன. துப்பாக்கி என்பதும் துருக்கியச் சொல்லொன்று பாரசீக, இந்துஸ்தானி வழியாகத் தெற்கே வந்ததன் வடிவமே. ஐதர் அலி 1766இல் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டியது முதல், 1790இல் அது ஆங்கிலேயர் வசமானது வரை, கன்னடமும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசிய படைகள் அக்கணவாய் வழியே சென்றுவந்தன. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின், துரைமார்களின் வேட்டைத் துப்பாக்கியும் தமிழ்த் தொழிலாளர்களும் ஒருங்கே அம்மலைகளில் குடியேறினர்.

மலையாளமோ தோட்டாவுக்குத் 'திர' என்ற சொல்லைக் கொண்டது. கடல் அலையும் அம்மொழியில் 'திர' தான். ஐகார விதியை நம்பி 'திரைகள் கைப்பற்றப்பட்டன' என எழுதினால், தமிழ் வாசகர் அலையையோ திரைச்சீலையையோ எண்ணித் திகைப்பார்.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. 1956இன் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள இடமளிக்கிறது. எனவே தமிழ் வாக்குமூலம் மலையாளமாவதும், மலையாள ஆவணம் தமிழாவதும் இங்கே அன்றாடத் தேவைகள். காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் கேரளத்தின் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டபின், துப்பாக்கி பற்றிய ஆவணங்கள் ஊராட்சி அலுவலகங்களையும் எட்டியுள்ளன.

'அவன் குண்டு வைத்திருந்தான்' என்று ஒரு தோட்டத் தொழிலாளி கூறுவதாகக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் 'உண்ட' என எழுதினால் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பேசும். 'போம்ப்' என எழுதினால் 1908ஆம் ஆண்டு வெடிபொருள்கள் சட்டம் பேசும். முன்னதன்படி வெடிப்படைக்கலப் பொருள் என்பது அதன் உறுப்புகளையும் அதைச் செய்யும் கருவிகளையும் உள்ளடக்கும். ஆகவே கைப்பற்றப்பட்டது உண்டையா, திரவா, வார்க்கும் அச்சா, உருக்கும் மூசையா என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு மனிதன் மீதான குற்றச்சாட்டின் அளவு அதைப் பொறுத்தது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வார்த்த ஈய உருண்டைக்கு உண்டை, மருந்தோடு பொதிந்ததற்குத் தோட்டா, வெடிக்கும் கலத்துக்கு வெடிகுண்டு என மூன்று சொற்களை ஆவண மொழிபெயர்ப்பில் வேறுபடுத்தி ஆளவேண்டும். உண்டை என்பது மலையாளத்திடம் பெறும் கடன் அன்று. தமிழ் கைவிட்டதை அண்டை மொழி காத்துவைத்துள்ளது. இரண்டாவதாக, ஈயம் என்ற சொல் வருமிடமெல்லாம் காரீயமா வெள்ளீயமா என்பதைப் பொருள் நோக்கித் தெளிந்தபின்னரே பெயர்க்கவேண்டும். மூன்றாவதாக, சாட்சியின் சொல் இருபொருள் தருமாயின், மொழிபெயர்ப்பாளர் தாமே ஒன்றைத் தேர்ந்துவிடாமல், மூலச்சொல்லையும் அருகில் பதிவு செய்து, சாட்சியிடமே விளக்கம் கேட்கப்பட வழிசெய்ய வேண்டும்.

தலைக்கும் மலைக்கும் பொய்க்காத ஒலிவிதி உண்டைக்கும் பொய்க்கவில்லை, மூசையில் தளர்ந்தது, திரவில் முறிந்தது. ஒலிவிதி சொல்லின் பிறப்பைக் காட்டும். அது எத்தொழிலில் வளர்ந்தது, யார் கையில் புழங்கியது என்பதை அத்தொழிலின் வரலாறே காட்டவேண்டும்.