கன்னியர் நோய்க்குக் கல்யாண மருந்து

1554இல் அச்சான தன் கடிதத் தொகுப்பில், யோகன்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு தகப்பனுக்குப் பதில் எழுதுகிறார். மகளின் முகம் வெளுத்திருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, இறைச்சியைக் கண்டாலே வெறுப்பு. லாங்கே இதற்கு வைத்த பெயர் 'கன்னியர் நோய்'. சொன்ன மருந்து கல்யாணம்.

பிறகு இது 'குளோரோசிஸ்' ஆனது. ஆங்கிலேயர் பேச்சில் 'பச்சை நோய்'. பெயர் மாறியும் பார்வை மாறவில்லை. காதல் ஏக்கம் என்றார்கள், கருப்பைக் கோளாறு என்றார்கள், இறுக்கிக் கட்டிய இடைக்கச்சு என்றார்கள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், மருந்து முன்பே கிடைத்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் சைடனாம் இரும்பைக் கொடுத்து இந்த வெளுப்பைப் போக்கினார். ஆனால் நோயை 'ஹிஸ்டீரியா' வகையில்தான் சேர்த்தார். 1832இல் பிரான்சின் பியேர் பிளோ இரும்பு மாத்திரையே செய்துவிட்டார். 1890களில் ஸ்காட்லாந்தின் ரால்ஃப் ஸ்டாக்மன்தான், குறைவது இரும்பு என்று நிறுவி, அன்றாட உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளந்தும் பார்த்தார்.

உணவு குறைந்ததற்குச் சமூகக் காரணங்கள் இருந்தன. வசதியான வீடுகளில் இறைச்சி இளம்பெண்ணின் இச்சையைத் தூண்டும் என்று அஞ்சினார்கள். ஏழை வீடுகளில் இறைச்சித் துண்டு சம்பாதிக்கும் ஆணுக்குப் போனது. பெண்களுக்கு ரொட்டியும் தேநீரும். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் உடலுக்கு அது போதவில்லை. இந்த நிலையில் கல்யாணத்தை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. ஏற்கெனவே காலியான பானையிலிருந்து இன்னும் மொண்டார்கள்.

இது ஐரோப்பாவின் பழங்கதை மட்டுமல்ல. 'கல்யாணமானா எல்லாம் சரியாப் போயிடும்' என்ற வாக்கியம் நம் வீடுகளிலும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1. இந்த இடைவெளிக்கு மாதவிடாய் ஒரு காரணம். கடைசியில் சாப்பிடும் வழக்கம் இன்னொன்று.

2013 முதல் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அது தேவை. வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும் என்று முன்பே சொல்லி, சாப்பிட்ட பின் விழுங்கச் சொன்னால், மாணவி அதைப் பயந்து எறிய மாட்டாள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் கூடாது. ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேரும். இவையெல்லாம் பாடமாக வேண்டியவை. உதிரப்போக்கு மிகுதியாக இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லலாம் என்பதும் பாடம்தான்.

ஆனால் இந்தப் பாடத்தைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நடத்திப் பயனில்லை. குழம்பில் கிடக்கும் ஈரல் துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. அப்பாவும் அண்ணன் தம்பிகளும், பரிமாறும் அம்மாவும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும்.