நாள்பட்ட இடுப்புவலிக்கான மின்தூண்டல் கருவிகள்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலியைத் தணிக்க, தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தும் கருவிகள். மருத்துவர் ‘டென்ஸ்’ என்பார்; வலிக்காரருக்கு அது ‘கரண்ட் வைப்பது’. பெரம்பலூரில் சின்ன வெங்காயமும் பருத்தியும் குனிந்தே செய்யும் வேலை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, ஓயாத லாரி ஓட்டம். இடுப்பு தப்பாது.

தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டினால் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்று ரொனால்டு மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் சொன்ன ‘வாயில் கோட்பாடு’தான் இதற்கு அடிப்படை. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் இதமாவதும் இப்படித்தான். டென்ஸ் பெரும்பாலும் 50–100 ஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் கையடக்கப் பெட்டி. இயன்முறை மருத்துவமனைகளில் காணும் ஐ.எஃப்.டி. அதன் உறவு; சுமார் 4,000 ஹெர்ட்ஸ் கொண்ட இரண்டு மின்னோட்டங்களை உடலில் குறுக்கிடச் செய்வது.

டென்ஸைச் சோதிப்பதுதான் கடினம். மாத்திரைக்குப் போலி செய்துவிடலாம்; தோலில் சுருசுருக்கும் மின்சாரத்துக்கு எப்படிச் செய்வது? அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோ குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் 145 பேர் பங்கேற்றனர். சிலருக்கு மெய்க்கருவி, சிலருக்கு மின்சாரம் வராத போலி. இரு பிரிவிலும் பாதிப்பேருக்கு உடற்பயிற்சியும் உண்டு. போலி பெற்றவர்களிலும் 84 விழுக்காட்டினர் தம் கருவி வேலை செய்வதாகவே நம்பினார்கள். ஒரு மாத முடிவில் மெய்க்கும் போலிக்கும் சொல்லத்தக்க வேறுபாடில்லை. பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலோர் பயிற்சியை விட்டிருந்தார்கள், பலனும் போயிருந்தது. கருவியைவிட இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2012இல், ஆய்வுக்கு வெளியே நாள்பட்ட இடுப்புவலிக்கு டென்ஸ் செலவை ஏற்க மறுத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இலும், உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரிலும் இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றன. உடற்பயிற்சியை இரண்டுமே ஏற்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பயிற்சி சொல்லித்தர மின்பெட்டி தேவையில்லை.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இக்கருவியைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகளின் வயிறு, இடுப்புப் பகுதி, கழுத்தின் முன்புறம், புண்பட்ட தோல், உணர்விழந்த தோல் ஆகியவற்றில் பட்டை ஒட்டக்கூடாது.